கார்டு ரீடர் மெமரி கார்டை அறியாமல் நிற்கும்போது: கார்டில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும் தை மாதத்திலும் ஆவணி மாதத்திலும், காரைக்குடியில் உள்ள எங்கள் ஸ்டுடியோவுக்கு வரும் இளம் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் ஒரே குறையோடுதான் வருகிறார்கள். "அண்ணே, கார்டு செத்துப்போச்சு, கம்ப்யூட்டர்ல போட்டா ஒண்ணுமே வரல" என்பார்கள். கார்டை வாங்கி வேறொரு ரீடரில் செருகிப் பார்த்தால், திருப்பூட்டு முதல் பந்தி வரை அத்தனை படங்களும் அப்படியே இருக்கும். கெட்டுப்போனது ரீடராகவோ, அதன் வயராகவோ, கணினியில் மாறிப்போன ஓர் அமைப்பாகவோ இருந்திருக்கும்.

ஆனால் அதற்குள் அவசரப்பட்டு ஃபார்மட் கொடுத்துவிட்டு வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்லிப் படம் எடுக்க முடியாது. ஆகவே, கார்டில் ஒரு எழுத்தும் புதிதாகப் பதியாத சோதனைகளை முதலிலும், கார்டில் எதையாவது மாற்றக்கூடிய வேலைகளைக் கடைசியிலும் வைத்து இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கார்டை வெளியே எடுத்தவுடன், அதன் இடப்புறம் உள்ள சிறிய தாழ்ப்பாளைக் கீழே தள்ளிப் பூட்டுங்கள். மைக்ரோ எஸ்டி கார்டாக இருந்தால், அதைப் போடும் அடாப்டரிலும் இதே தாழ்ப்பாள் இருக்கும். விண்டோஸ் கணினி, கார்டைக் கண்டவுடன் தன் உபயோகத்துக்கென்று ஒரு மறைவான கோப்புறையை அதில் எழுதிவைக்கும் வழக்கம் உடையது. பூட்டிய கார்டில் அது நடப்பதில்லை. இந்தத் தாழ்ப்பாளுக்கும் கார்டின் உள்ளே இருக்கும் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும், தாழ்ப்பாள் எங்கே நிற்கிறது என்பதை ரீடரில் உள்ள ஒரு சுவிட்சுதான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்க வேண்டாம். "டிரைவைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கணினி கேட்டால், வேண்டாம் என்பதையே அழுத்துங்கள்.

அடுத்து, குறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். அந்தக் கார்டைக் கேமராவில் மறுபடி போட்டு, படங்கள் திரையில் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் கார்டைப் பற்றிய கவலை பெருமளவு நீங்கிவிடும். கேமராவை அதன் வயர் மூலமாகவே கணினியில் இணைத்து, படங்களை அப்பொழுதே இறக்கிக்கொள்ளலாம். பிறகு ரீடரை நிதானமாகச் சரிபார்க்கலாம். கேமராவும் அறியவில்லை என்றால், வேறொரு நல்ல கார்டை அதே ரீடரிலும், இந்தக் கார்டை வேறொரு ரீடரிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் டிரைவர், சாஃப்ட்வேர் என்று இரண்டு மணி நேரம் அலைபவர்களே அதிகம்.

ரீடரே கணினிக்குத் தெரியாத நிலை

விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில், கணினியோடு இணைந்த சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, ரீடரின் யூஎஸ்பி வயரைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். அந்தச் சாதனப் பட்டியல் ஒரு முறை கூட அசையவில்லை என்றால், ரீடர் கணினியை வந்து சேரவே இல்லை என்று பொருள். அப்போது கார்டைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. வயர், போர்ட், மின்சாரம் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

ஹப்பில் செருகியிருந்தால் அதை நீக்கிவிட்டு, மேசைக் கணினியின் பின்புறத்தில் மதர்போர்டோடு சேர்ந்திருக்கும் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் அந்த அளவையே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் மவுஸும் ரீடரும் பங்குபோட்டுக்கொண்டால், கடைசியில் செருகப்பட்டது பட்டினி கிடக்கும். கேபினெட்டின் முன்பக்கத்தில் பொருத்தப்பட்ட ரீடராக இருந்தால், அது உள்ளே ஒரு சிறிய வயர் வழியாக மதர்போர்டின் 9 பின் இணைப்பில் செருகப்பட்டிருக்கும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, அந்த வயர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வளவு வீடுகளில் வைத்திருக்கும் கணினிகளில் எலி கடித்த வயரையும் நான் மாற்றியிருக்கிறேன்.

நேற்றுவரை வேலை செய்த ரீடர் இன்று காலையில் தெரியவில்லை என்றால், ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதி ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. கணினி சிறிது நேரம் சும்மா இருந்த பிறகு மட்டும் ரீடர் மறைகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் என்பதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள்.

லேப்டாப்பின் உள்ளேயே இருக்கும் ரீடர், விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோவது உண்டு. டிவைஸ் மேனேஜரில் அதன் பெயர் மேல் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வராவிட்டால், உங்கள் லேப்டாப் மாடலுக்கென்று அதைத் தயாரித்த நிறுவனம் தன் தளத்தில் வைத்திருக்கும் டிரைவரையே போடுங்கள். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச சாஃப்ட்வேர்களை நம்ப வேண்டாம். சில லேப்டாப்களில், விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையாகிய பயாஸிலேயே ரீடரை அணைத்துவைக்கும் வசதி இருப்பதால், அதையும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

ரீடர் தெரிகிறது; கார்டு இல்லை என்கிறது

எங்களிடம் வருபவற்றில் மிகுதியானவை இந்த வகைதான். டிவைஸ் மேனேஜரில் ரீடரின் பெயர் சரியாக இருக்கும். கார்டைப் போட்டாலும், "டிரைவில் டிஸ்க்கைச் செருகவும்" என்று மட்டும் வரும். கணினியின் டிரைவ்களைப் பட்டியலிடும் டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால், "நோ மீடியா" என்று நிற்கும். காலியாக உள்ள டிரைவ்களை விண்டோஸ் தன் பட்டியலிலிருந்து மறைத்துவைப்பதால், ரீடரே போய்விட்டது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்தில், காலி டிரைவ்களை மறைக்கும் குறியை எடுத்துவிட்டால், ரீடருக்குரிய டிரைவ் எழுத்து (ஈ, எஃப் போன்றது) உடனே தெரியும்.

முதலில் கார்டின் வகையைப் படியுங்கள். எஸ்டி, எஸ்டிஎச்சி, எஸ்டிஎக்ஸ்சி ஆகிய மூன்றும் ஒரே அளவில், 32 மி.மீ. உயரமும் 24 மி.மீ. அகலமும் கொண்டு, ஒரே துளையில் நுழையக்கூடியவை. ஆனால் எஸ்டி என்பது 2 ஜிபி வரைக்கும், 2006இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரைக்கும், 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரைக்கும் என்று வகுக்கப்பட்டவை. எஸ்டிஎச்சி வந்தபோது கார்டின் உள்ளே இடத்தை எண்ணும் முறையே மாறிவிட்டதால், அதற்கு முந்தைய ரீடர் ஒன்று புதிய கார்டை ஏற்றுக்கொள்ளும், ஆனால் படிக்காது. அப்பா காலத்து ரீடரில் புதிதாக வாங்கிய 128 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு இரண்டையும் குறை சொல்வது முறையல்ல. தொடுமுனைகள் இரண்டு வரிசையாக உள்ள, வேகமான வகையாகிய யூஎச்எஸ் 2 கார்டு, அதன் எஸ்டிஎச்சி அல்லது எஸ்டிஎக்ஸ்சி வகையைப் படிக்கக்கூடிய, ஒரு வரிசை மட்டுமே உள்ள ரீடரிலும் முதல் வரிசையைக் கொண்டு வேலை செய்யும், வேகம்தான் குறையும்.

மைக்ரோ எஸ்டி என்றால், சந்தேகத்தை அடாப்டர் மேல் முதலில் வையுங்கள். அதன் உள்ளே சிப் எதுவும் கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் மெல்லிய தகடுகள் மட்டுமே உண்டு. பலமுறை கழற்றி மாட்டினால் அந்தத் தகடுகள் தளர்ந்துவிடலாம். வேறொரு அடாப்டரில் போட்டுப் பார்ப்பதே போதுமான சோதனை.

இவை எல்லாம் சரி என்றால், ரீடரின் வாயைப் பார்க்க வேண்டும். வயரைக் கழற்றிவிட்டு, ரீடரை மேசையில் வைத்து, செல்போன் டார்ச்சைத் துளைக்கு நேராகப் பிடித்து, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாகப் பாருங்கள். எஸ்டி கார்டின் பின்புறத்தில் ஒன்பது தங்க நிறத் தொடுமுனைகள் இருக்கின்றன; துளையின் உள்ளே அவற்றுக்கு நேராக ஒன்பது வில் தகடுகள், சிறு மீன்முள் போல, மேல்நோக்கி வளைந்து நிற்கும். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து படுத்திருந்தால், கார்டு அதைத் தொடவே தொடாது. பக்கவாட்டில் இன்னொரு மெல்லிய வில் உண்டு. கார்டு உள்ளே வந்துவிட்டது என்று ரீடருக்கு அறிவிப்பது அதுதான். அது அமுங்கிப்போன ரீடர், ஒன்பது முனைகளும் நன்றாக இருந்தும், கார்டு இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கார்டை அரை மி.மீ. அளவு இழுத்தோ பக்கவாட்டில் மெதுவாக அழுத்தியோ பிடித்தால் மட்டும் படிக்கிறது என்றால், காரணம் இதுவாகவே இருக்கும்.

கானாடுகாத்தானில் ஒரு வளவில் நடந்த கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் வந்த ரீடரில் இரண்டாவது, மூன்றாவது வில்கள் மேல் வெளிறிய மஞ்சள் படலம் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தபோதுதான் சந்தனம் என்று புரிந்தது. வரவேற்பில் கொடுத்த சந்தனத்தைத் தொட்ட விரலோடு அந்தப் புகைப்படக்காரர் கார்டை மாற்றியிருக்கிறார். அது கார்டின் முனையில் ஒட்டி, அங்கிருந்து ரீடருக்குச் சென்றிருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் புழுதியும் வியர்வையும் இதே வழியில்தான் உள்ளே போகின்றன. தொடுமுனையின் மேற்பூச்சாகிய தங்கம் துருப்பிடிப்பதில்லை. ஆனால் பூச்சு தேய்ந்த இடத்தில் அடியில் உள்ள உலோகத்தை வியர்வையின் உப்பு அரிக்கிறது. அரிமானத்தை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவை வைத்திருக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியில்தான், 1953 முதல் இயங்கி வருகிறது. உப்பும் ஈரமும் உலோகத்தை என்ன செய்யும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

சுத்தம் செய்யும்போது, ரீடரின் துளை தரையை நோக்கியிருக்குமாறு பிடித்து, லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் புளோயரால் காற்றடியுங்கள். வாயால் ஊத வேண்டாம். எச்சில் ஈரம் உள்ளே போகும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை, 99 சதவீதம் உள்ளதாக வாங்கி, பஞ்சு உதிராத துணியில் இரண்டு சொட்டு விட்டு, கார்டின் முனைகளை நீளவாக்கில் துடையுங்கள். படலம் கெட்டியாக இருந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் ஓரிரு முறை மென்மையாகத் தேய்க்கலாம். தங்கப் பூச்சு மிக மெல்லியது என்பதால் இதை வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. துளையின் உள்ளே துணியைத் திணிக்காமல், ஆல்கஹாலில் துடைத்த பழைய, படங்கள் இல்லாத கார்டு ஒன்றை ஈரம் காய்வதற்கு முன் ஏழெட்டு முறை செருகி எடுங்கள்; உள்ளே உள்ள வில்களும் துடைபடும். பத்து நிமிடம் காயவிட்ட பிறகே வயரை இணைக்க வேண்டும். சானிடைசரில் நீரும் பசைத்தன்மை உள்ள பொருள்களும் இருப்பதாலும், நகப்பூச்சை நீக்கும் திரவம் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும் என்பதாலும், அவற்றைக் கிட்டே கொண்டுவர வேண்டாம். படுத்துவிட்ட வில்லை ஊக்கால் நிமிர்த்தவும் முயல வேண்டாம். அது அடுத்த வில்லைத் தொட்டால், கார்டுக்கே ஆபத்து. அத்தகைய ரீடரை மாற்றிவிடுவதுதான் சரி.

கார்டு தெரிகிறது, படங்கள் திறக்கவில்லை

டிஸ்க் மேனேஜ்மென்டில் கார்டின் அளவு சரியாகத் தெரிந்து, எழுத்து மட்டும் இல்லை என்றால், அதன் மேல் வலது கிளிக் செய்து, வேறெதுவும் பயன்படுத்தாத ஓர் எழுத்தைக் கொடுங்கள். அலுவலக நெட்வொர்க் டிரைவ் ஒன்று அதே எழுத்தைப் பிடித்திருந்தால் இப்படி நேர்வது வழக்கம். அளவு தெரிந்தும் "ரா" என்று காட்டினால் (கேமராவின் ரா படங்களை இது குறிக்காது), கோப்புகளின் அட்டவணை சிதைந்திருக்கிறது. படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பூட்டிய நிலையிலேயே, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு படங்களை மீட்டு, வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள். அதே கார்டில் சேமிக்கக் கூடாது. விண்டோஸின் பிழை திருத்தும் வசதியும் கார்டில் எழுதக்கூடியது என்பதால், மீட்பு முடிந்த பிறகே அதைத் தொட வேண்டும். இரண்டு மூன்று நல்ல ரீடர்களிலும் "நோ மீடியா" என்றே வரும் கார்டைத்தான் பழுதானது என்று முடிவு செய்யலாம். அதில் தேவையான படங்கள் இருந்தால், மேற்கொண்டு செருகி எடுக்காமல் தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

சரிசெய்த ரீடரிலோ புதிய ரீடரிலோ கல்யாணக் கார்டை நேராகப் போட வேண்டாம். காலிக் கார்டு ஒன்றில் நான்கைந்து ஜிபி அளவுள்ள வீடியோவை எழுதி, திரும்பக் கணினிக்கு எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள். அது தடையின்றி ஓடிய பிறகு கல்யாணக் கார்டைப் போட்டு, படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இறக்கி, இரண்டிலும் சில படங்களைத் திறந்து பார்த்த பின்னரே, கார்டைக் கேமராவில் வைத்து ஃபார்மட் கொடுங்கள்.