பிக்கப்புக்கு டயர் வாங்கும் முன் பின்பக்கத்தை எடை போடுங்கள்

போன சித்திரையில், 80 பெட்டி தக்காளியோடு ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பாலக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். உடுமலை தாண்டி டீ குடிக்க இறங்கியபோது பின்பக்க இடது டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அளவு தவறிவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். 215/75 ஆர் 15. வண்டியோடு வந்த டயரிலும் அதேதான். அந்த அளவை அடுத்து 100 என்று ஓர் எண் இருந்தது. வாங்கிய அன்று அதை நான் கவனிக்கவில்லை. டயர் ஒன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். பழைய டயரில் அந்த இடத்தில் 106/103 என்று இருந்தது. ஜீப்புக்கு உரிய டயரைச் சரக்கு வண்டிக்கு மாட்டியிருந்தேன்.

டயரின் பக்கச்சுவரில் இருப்பதைப் படிக்க அரை மணி நேரம் போதும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம்; அகலத்தில் 75 சதவீதம், அதாவது 161 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், அதாவது உள்ளிருக்கும் இழைகள் நேர்க்குறுக்காக ஓடும் டயர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சின்ன யானை போன்ற சிறு வண்டிகளில் 145 ஆர் 12 என்று நடு எண் இல்லாமலும், சில பிக்கப்புகளில் 7.00 ஆர் 15 என்று அங்குலக் கணக்கிலும் இருக்கும். அவை பழைய முறை எண்கள். அவற்றைப் பார்த்துக் குழம்பாமல் அதே எழுத்துகளைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் போதும். உங்கள் வண்டிக்கு எது என்பது கதவுத் தூணில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய வண்டி வாங்கியவர் என்றால் முந்தைய உரிமையாளர் என்ன மாட்டி வைத்தாரோ, யார் கண்டது?

இனி அந்த 100, 106 விவகாரம். இது கிலோ அல்ல, எடைக் குறியீடு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எடை உண்டு: 100 என்றால் 800 கிலோ, 103 என்றால் 875, 106 என்றால் 950, 110 என்றால் 1,060. இது ஒரு டயர் தாங்கும் எடை. 106/103 என்று இரண்டு எண் இருந்தால் முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது பின்னால் ஜோடிச் சக்கரம் உள்ள வண்டிக்கு. கூடவே டயரின் வலிமையைக் காட்ட 8 பிளை என்றும், சரக்கு வண்டி டயர் என்பதற்கு எல்டி என்றும் குறித்திருக்கும். கடைசி ஆங்கில எழுத்து வேகத்துக்கு: க்யூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர். தக்காளி ஏற்றிக்கொண்டு அந்த வேகத்தில் போகிறவர் யாரும் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

வீக்கம் வந்த மறுவாரம் ஒரு வேலை செய்தேன். முழுச் சரக்கோடு எடை மேடைக்குப் போய், முதலில் வண்டி முழுவதையும் எடை போட்டேன்: 2,900 கிலோ. பிறகு முன்சக்கரங்களை மேடைக்கு வெளியே இறக்கி, பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தினேன். 1,840 கிலோ. மேடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பரவாயில்லை. அப்படியென்றால் ஒரு பின் டயரின் மேல் 920 கிலோ. 800 கிலோ டயரை அதன் மேல் 120 கிலோ கூடுதலாக நான்கு மாதம் ஓட்டியிருக்கிறேன், அதுவும் கோடை வெயிலில். 106 டயரிலும் எனக்கு மிச்சம் 30 கிலோதான். அதனால் இப்போது 80 பெட்டிக்கு மேல் ஒரு பெட்டிகூட ஏற்றுவதில்லை. வியாபாரி முகம் சுளித்தாலும் சரி.

இந்தக் கணக்கை நீங்களும் போடுங்கள். பின்பக்க எடையை இரண்டால் வகுத்து, வருவதைவிடக் கூடுதலாகத் தாங்கும் டயரைக் கேளுங்கள். தாளில் சொன்ன எடைக் குறியீட்டுக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். இன்னொன்று: டயர் அந்த எடையைத் தாங்குவது முழுக் காற்று இருந்தால்தான். என் டயரின் பக்கச்சுவரில் அதற்கு 65 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. காருக்கு வைப்பதுபோல 35 வைத்துவிட்டு டயரைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்தது அகலமான டயர் ஆசை. 235/75 ஆர் 15 போட்டால் வண்டி கம்பீரமாக நிற்கும் என்று சந்தையில் எல்லோரும் சொல்வார்கள். கம்பீரமாக நிற்கும்தான். கணக்கைப் பாருங்கள். பக்கச்சுவர் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம் விட்டத்தைக் கூட்டினால் டயரின் மொத்த உயரம் வரும். 15 அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். 215/75-க்கு மொத்தம் 703, 235/75-க்கு 733. நான்கு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். எல்லா கியரும் சற்று நீளமாகிவிடுவதால் கொடைக்கானல் ஏற்றத்தில் மூன்றாவதில் ஏறிய வண்டி இரண்டாவதைக் கேட்கும். சரக்கேற்றித் திருப்பினால் மட்கார்டில் உரசவும் வாய்ப்புண்டு. அளவை மாற்றியே ஆக வேண்டுமென்றால் மொத்த உயர வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

ரிம்மின் அகலமும் ஒத்துவர வேண்டும். ரிம்மின் உட்புறத்தில் 5½ஜே, 6ஜே என்று பொறித்திருக்கும். 235 டயருக்கு ஆறு அங்குலமாவது வேண்டும். ஐந்தரை ரிம்மில் மாட்டினால் டயர் நடுவில் உப்பி, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து மொட்டையாகும்.

ரிம்மைப் பெரிதாக்கினால் டயரும் உயரமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸைப் பாருங்கள். ஒரு வகைக்கு 265/65 ஆர் 17, இன்னொன்றுக்கு 265/60 ஆர் 18. கூட்டிப் பார்த்தால் 776, 775. ரிம் ஓர் அங்குலம் ஏறும்போது பக்கச்சுவரைக் குறைத்துச் சமன் செய்திருக்கிறார்கள். குழிகள் நிறைந்த சாலையில் சரக்கு ஓட்டுகிறவருக்கு உயரமான பக்கச்சுவர்தான் நல்லது என்பது என் கட்சி. அலாய் வீல் அழகெல்லாம் கல்யாண வண்டிக்கு.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் ஐஎஸ்ஐ முத்திரையும், நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியும் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஒரே அச்சில் இரண்டு டயரும் ஒரே அளவாக, ஒரே வகையாக இருக்கட்டும். ஒன்று ரேடியல், ஒன்று நைலான் (இழைகள் சாய்வாக ஓடும் பழைய வகை) என்று கலக்காதீர்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் நான்கும் ஒரே அளவு.

ஸ்டெப்னியும் அதே அளவு, அதே எடைக் குறியீடு. ஏதோ ஒன்று கிடக்கட்டும் என்று அதில்தான் ஏமாறுகிறோம். சரக்கோடு நிற்கும்போதுதானே பஞ்சர் ஆகும். வீங்காமல் தப்பிய அந்த இன்னொரு 100 டயரை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைக்கவில்லை. மைத்துனருடைய ஜீப்புக்கு அதே அளவு, அதே 100. அங்கே கொடுத்துவிட்டேன். இன்றுவரை ஒரு பஞ்சர்கூட இல்லாமல் ஓடுகிறதாம்.