கோச்சி எஞ்சினையும் சிக்னலையும் இனங்காண்பதில் விடும் பிழைகள்

மட்டக்களப்புக்கு எண்ணெய்த் தாங்கிகளை இழுத்து வரும் எஞ்சினைக் கண்டால், "இது சாமான் கோச்சி எஞ்சின்" என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். மற்றப் பிழைகள் பலவும் இதிலிருந்துதான் முளைக்கின்றன. இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தில் பெரிய எஞ்சின்களைச் சாமானுக்கு ஒரு வகை, ஆட்களுக்கு ஒரு வகை என்று பிரித்து வைத்திருக்கவில்லை. இன்றைக்கு எண்ணெய்த் தாங்கியை இழுக்கிற எம்-6 வகை எஞ்சின், நாளைக்குப் பயணிகள் வண்டியை இழுக்கும். பின்னால் என்ன கொழுவியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு எஞ்சினையே பாருங்கள்.

நிறத்தையும் நம்பாதீர்கள். பட்டறைக்குப் போய் வந்தால் சட்டை மாறிவிடும். ஒரே வகை எஞ்சின்கள் இரண்டு வேறு நிறத்தில் ஓடுவது சாதாரணம்.

சாரதி அறையின் பக்கத்தில் எழுதியிருக்கும் வகையும் நம்பருமே சரியான அடையாளம். இந்த நம்பர்கள் வகைக்கு வகை ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை, ஒரே தொடராகப் போகின்றன. எம்-4 எஞ்சின்கள் 743 முதல் 756 வரை, எம்-8 என்றால் 841 முதல் 848 வரை. அடுத்த 849இலிருந்து எஸ்-9 பவர் செட்டுகள் (எஞ்சினும் பெட்டிகளும் ஒரே தொகுதியாக வருபவை), அப்புறம் 864இல் எம்-9 தொடங்குகிறது. நம்பர் பெரிதென்றால் வலுவும் பெரிதென்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். 1975இல் கனடாவிலிருந்து வந்த எம்-4க்கு 1750 குதிரைவலு. 1981இல் இங்கிலாந்திலிருந்து வந்த எம்-7, நம்பரில் பெரியது, வலுவில் 1000தான்.

எம்-2இல் இன்னொரு குழப்பம். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் பெரும்பாலும் கனடா கொடுத்த எஞ்சின்கள் அவை, 1954இல் வரத் தொடங்கின. அவற்றில் பலவும் ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் என்று அந்த நாட்டு மாகாணப் பெயர்களைத் தாங்கியவை. அந்தப் பெயரை வகையின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். அது அந்த ஒரு எஞ்சினுக்கு வைத்த பெயர் மட்டுமே. சில்லை எண்ணி வலுவைச் சொல்வதும் சரிவராது. எம்-2இல் பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வொரு சில்லுத் தொகுதியிலும் மூன்று அச்சுகள் இருந்தாலும் நடு அச்சுக்கு மோட்டார் இல்லை, அது பாரத்தைத் தாங்க மட்டும். எம்-4இல் ஆறு அச்சும் இழுக்கும்.

இருட்டில் நம்பர் தெரியாதே என்றால், காது இருக்கிறது. எம்-2, எம்-6, எம்-7 மூன்றும் ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு வீச்சு எஞ்சின் பூட்டியவை, இடைவெளியில்லாமல் இரையும். எம்-4உம் எம்-8உம் அல்கோ என்ற அமெரிக்கக் கம்பனியின் வழிவந்த நான்கு வீச்சு எஞ்சின்கள். ஸ்டேஷனில் நிற்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கனமாக விழும். புறப்படும்போது கரும்புகையைக் கக்கும். "எஞ்சின் பழுது" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். எண்ணெய் முதலில் பாய்ந்துவிடும், டர்போ சுழன்று அதற்கேற்ற காற்றைத் தள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வருவதுதான் அந்தப் புகை. வேகம் பிடித்ததும் தெளிந்துவிடும்.

கம்பத்தில் பலகைக் கை ஏறி இறங்கும் பழைய கை சிக்னலுக்கு வருவோம். பின்புறமிருந்து பார்த்துவிட்டுப் பொருள் சொல்வது பெரும் பிழை. சாரதிக்குத் தெரியும் முகம் சிவப்பு, அதில் வெள்ளைக் கோடு. பின்புறம் வெள்ளை, அதில் கறுப்புக் கோடு. வெள்ளை முகம் தெரிந்தால் அந்த சிக்னல் எதிர்த்திசையில் வருகிற வண்டிக்குரியது. கை கிடையாக நின்றால் நில், சரிந்து இறங்கினால் போ. நுனி மீன்வால்போலப் பிளந்த மஞ்சள் கை நிற்கச் சொல்வதில்லை. அடுத்த சிக்னலில் நிற்க வேண்டிவரலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. இரவு விளக்குக்காகக் கையோடு பூட்டிய நிறக் கண்ணாடியைப் பகலில் பார்த்து "நீல சிக்னலும் இருக்கே" என்று வாதாடுவோரும் உண்டு. மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளடித்தது. நீலம் கலந்த கண்ணாடி வழியே வரும்போதுதான் அது பச்சையாகத் தெரியும்.

ஒற்றைப் பாதையில் கை இறங்கினால் மட்டும் போதாது. தோல் பையோடு கூடிய வளையம் ஒன்றைச் சாரதியிடம் நீட்டுவார்களே, அது பார்சலோ கடிதமோ இல்லை. அதற்குள் இருக்கும் டப்லட் என்ற வட்டத் தகடுதான் அடுத்த ஸ்டேஷன்வரை அந்தத் துண்டுப் பாதை இந்த வண்டிக்கு மட்டும் என்பதற்கான அத்தாட்சி.

ஊர்ப்பெயரிலும் ஒரு பொறி உண்டு. "கல்ஓயா சந்தியில் எடுத்த படம்" என்றதும் அம்பாறையைத் தேடாதீர்கள். அது ஹபரணைக்கு அப்பால், திருகோணமலைப் பாதை பிரியும் இடம். அம்பாறை மாவட்டத்துக்குள் புகையிரதப் பாதையே இல்லை. கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் கோச்சி பார்க்க மட்டக்களப்புக்குத்தான் வர வேண்டும்.

கடைசியாகக் கடவை. மணியும் சிவப்பு விளக்கும் வீதியில் போகிற நமக்கு, கை சிக்னல் சாரதிக்கு. இரண்டையும் குழப்பி, "கை கிடையாகத்தானே நிற்குது, கோச்சி வராது" என்று தண்டவாளத்தில் ஏறி நின்று படமெடுக்காதீர்கள். அந்தக் கை எதிர்த்திசைக்கு உரியதாக இருக்கலாம், விளக்கும் பழுதாகியிருக்கலாம். கேற் இல்லாத கடவையில் இரண்டு பக்கமும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நம்பர் வாசிக்கிற வேலையை வீதியோரம் தள்ளி நின்றே செய்யலாம்.