கதை முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள்: சிறுவர் நூல்களைக் கையாள்வதில் நேரும் தவறுகள்

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் பெரியவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். கதை முடிந்து, பிள்ளையின் கண் இன்னும் படத்தை விட்டு விலகாத நேரத்தில், "இந்தக் கதையிலிருந்து என்ன படிப்பினை பெற்றீர்கள்?" என்று கேட்டுவிடுகிறார்கள். உடனே பிள்ளை கதையை விட்டுவிட்டுச் சரியான விடையைத் தேடத் தொடங்குகிறது. "களவெடுக்கக் கூடாது", "பெரியோர் சொல் கேட்க வேண்டும்", "ஒற்றுமையே பலம்" என்று நாலைந்து விடைகள் எல்லாப் பிள்ளைகளிடமும் தயாராக இருக்கின்றன. எந்தக் கதைக்கும் அவற்றில் ஒன்று பொருந்திவிடும். கதையைக் கேட்காமல் தூங்கிய பிள்ளைகூட அதைச் சொல்லிப் பாராட்டுப் பெற்றுவிடும்.

இலங்கைச் சிறுவர் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்க 1956இல் சிங்களத்தில் படைத்த குடைத் திருடன் கதையைப் பாருங்கள். குடையே இல்லாத ஊரைச் சேர்ந்த கிரி மாமா பட்டணம் போய் ஒரு குடை வாங்கி வருகிறார். வந்த இடத்தில் அது களவு போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் போகிறது. கடைசியில் குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை சிந்திய வழியே போய்க் குடைகளைக் கண்டுபிடிக்கிறார். திருடியது ஒரு குரங்கு. கிரி மாமா திருடனுக்கென்று ஒரு குடையை அங்கேயே விட்டுவிட்டு, மற்றவற்றை எடுத்துக்கொண்டு வருகிறார்.

"களவு தீது" என்று இதைச் சுருக்கினால், அவர் விட்டுவந்த அந்த ஒரு குடைக்கு என்ன பொருள்? வன்னிப் பிள்ளைக்குக் குரங்கு புதிதல்ல. கூரையில் ஏறி ஓட்டை உடைப்பதையும், குரும்பையையும் மாங்காயையும் நாசமாக்குவதையும் அன்றாடம் காண்கிறது. வீட்டில் எல்லோரும் கல்லெடுத்துக் கலைக்கிற ஒரு விலங்குக்குக் குடை விட்டுவந்த மனிதர் அந்தப் பிள்ளையின் மனத்தில் நெடுநாள் நிற்பார். இரக்கத்தில் விட்டாரா, அதன் கெட்டித்தனத்தை மெச்சி விட்டாரா என்று அது தானாகவே யோசிக்கும். சிறுவர் இலக்கியம் கற்பிப்பது அந்த யோசனையின் வழியாகத்தான். நாம் அவசரப்பட்டு விடை சொன்னால் யோசனை அங்கேயே நின்றுவிடுகிறது. ஏதாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், "எந்த இடத்தைத் திரும்ப வாசிக்கட்டும்?" என்று கேளுங்கள். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் எழுந்து விளையாடப் போனாலும் குறையில்லை.

நல்ல கதை எங்கோ தொலைவில் அச்சாகி வருவது என்று நினைப்பது இன்னொரு தவறு. பனிமனிதனும் ஆப்பிள் மரமும் உள்ள நூல்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காணாத நாட்டைக் காண்பதும் வாசிப்பின் பேறுதான். ஆனால் பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிய பிள்ளை தன் காட்டையும் குளத்தையும் எந்தப் புத்தகத்திலும் காணாவிட்டால், கதை நடக்கும் இடம் வேறு, தான் வாழும் இடம் வேறு என்று முடிவுகட்டிவிடும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிக்கூழையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டாக்கினார். பிள்ளைக்கு முன்னால் இருந்த பொருள்களையே எடுத்தார். அதனால்தான் அந்தப் பாட்டுகள் தலைமுறை கடந்தும் வாயில் நிற்கின்றன.

வன்னியிடம் கதை இல்லையா? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஐதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரம் மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் ஒரு மூதாட்டி வருகிறார். விளக்கேற்றச் சொல்கிறார்; எண்ணெய் இல்லை என்கிறார்கள் சிறுவர்கள். கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்கிறார், விளக்கு எரிகிறது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொல்கிறார். முடியை விலக்கிய சிறுவர்களுக்குத் தலை நிறையக் கண்கள் தெரிகின்றன. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. இந்தக் கதையில் உபதேசம் ஒரு வரிகூட இல்லை. மாடு மேய்க்கும் சிறுவர், பேன் பார்த்தல், அச்சம், அதிசயம் எல்லாம் இருக்கின்றன. சிறுவர் கதைக்கு வேறென்ன வேண்டும்? யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தையின் கதையும் இந்த மண்ணுக்குரியதுதான். அதைப் பெரியவர்களின் ஆய்வுக் கட்டுரைக்குள் மட்டும் வைத்திருக்கிறோம். யானைக்குப் பயந்து இரவில் வயலைக் காவல் காக்கும் ஊரில், யானையை அடக்கிய ஒரு பெண்ணின் கதை படப்புத்தகமாக ஒவ்வொரு முன்பள்ளியிலும் இருக்க வேண்டும். அம்மம்மாவும் அப்பப்பாவும் சொல்லும்போது கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, பிள்ளைகளையே படம் வரைய வைத்தால் புத்தகம் பிறந்துவிடும்.

அடுத்ததைச் சொல்வது எளிதல்ல, ஆனால் சொல்லியாக வேண்டும். துயரக் கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து ஒளிக்கிறோம். இன்று வன்னியின் ஆரம்ப வகுப்புகளில் இருப்பவர்கள் 2009இன் போர் முடிவுக்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும் பல வீடுகளின் சுவரில் மாலையிட்ட படம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் வீட்டில் பேச்சு மாறுவதைப் பிள்ளை கவனித்துக்கொண்டே வளர்கிறது. கதைப்புத்தகத்திலும் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தால், தன் வீட்டின் துக்கம் வெளியில் சொல்லக்கூடாத ஒன்று என்று அது எண்ணிக்கொள்ளும். உலகின் தலைசிறந்த சிறுவர் எழுத்தாளர்கள் சாவைக் கண்டு ஒதுங்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. வைட் 1952இல் எழுதிய நாவலில், பன்றிக்குட்டியை வெட்டுக் கத்தியிலிருந்து காப்பாற்றிய சார்லட் என்ற சிலந்தி கடைசியில் தனியே இறந்துபோகிறது. அதன் குஞ்சுகளில் மூன்று அந்தப் பன்றியோடு தங்கிவிடுகின்றன. அழுகையும் ஆறுதலும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. பிள்ளை அழுதால் புத்தகத்தை மூடிவிடாதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. ஒவ்வொரு சோகக் கதையையும் போருடன் பொருத்தி, "உன் மாமாவும் இப்படித்தான்" என்று பிள்ளையின் தலையில் ஏற்றுவது. அந்த இணைப்பைச் செய்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் உரிமை. அது கேட்கும் நாளில் உண்மையைச் சொன்னால் போதும்.

நூல் தேர்வில் இங்கே கூடுதல் கவனம் வேண்டிய ஒன்றும் உண்டு. பழைய கதைகள் பலவற்றில் கால் இழந்தவர் கொடியவராகவோ பரிதாபத்துக்குரியவராகவோ மட்டும் வருகிறார்; கறுப்பு நிறம் என்றால் அரக்கன். பொய்க்கால் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போகும் தந்தையோ சித்தப்பாவோ உள்ள பிள்ளைக்கு இந்தப் படங்கள் என்ன சொல்லும்? வகுப்பில் கொடுக்கும் முன் ஆசிரியர் ஒருமுறை முழுவதும் வாசித்துவிடுவது நல்லது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவும் என்று மட்டும் கதைப்புத்தகம் வாங்கிக் கொடுப்பதும், பரீட்சை ஆண்டில் அதையே பறித்து வைப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். பெற்றோரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களுக்குப் படிப்பு ஒன்றே சொத்து. ஆனால் விரும்பி வாசிக்கும் பிள்ளைக்கு நீண்ட பந்தியொன்றைக் கண்டு மலைப்பு வராது. அந்தப் பழக்கம் மாதிரி வினாத்தாளில் கிடைப்பதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டது என்று வாசித்துக் காட்டுவதை நிறுத்துவதும் வேண்டாம். தானாகப் படிக்க முடியாத கடினமான கதையைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் வயது அது.

கடைசியாக, கண்ணாடி அலுமாரி. வன்னிப் பள்ளிகள் பலவற்றில் நல்ல நூல்கள் உண்டு. அவை பூட்டுக்குள் உண்டு. ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர் என்பதால், அவர் சாவியைக் கையை விட்டு விடுவதில்லை. ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது அலுமாரி திறக்கும், படம் எடுக்கப்படும், மறுபடி பூட்டப்படும். இந்த அச்சத்தை அதிபர்களும் கல்வி அலுவலகங்களும்தான் நீக்க வேண்டும். கிழிவதும் தொலைவதும் வாசிப்பின் செலவு என்று எழுத்திலேயே ஏற்றுக்கொள்ளட்டும். வகுப்பறையில் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, நூல்களை விரித்துத் தொங்கவிட்டால் அதுவே போதிய நூலகம்.

வெளிநாட்டில் வாழும் உறவுகள் அன்போடு அனுப்பும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். பயன்படுத்திக் கழித்த ஆங்கில நூல்களும் காலாவதியான பரீட்சை வழிகாட்டிகளும்தான் அவற்றில் பெரும்பாலும் இருக்கின்றன. அனுப்பும் முன் அந்தப் பள்ளியின் ஆரம்பப் பிரிவு ஆசிரியரிடம் பேசுங்கள். எந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், எவ்வகைக் கதையை விரும்புகிறார்கள், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கப்பல் கூலிக்குக் கொடுக்கும் பணத்தில் இலங்கையில் அச்சான தமிழ்ச் சிறுவர் நூல்களை இங்கேயே வாங்கலாம். 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டு வகுப்பில் கொடுக்க உரிமையும் உண்டு. ஈழத்துப் பழைய சிறுவர் நூல்களைத் தேடுவோர் நூலகம் இணையத்தளத்திலிருந்து தொடங்கலாம். ஒரு நிறஅச்சுப்பொறியும் சில கட்டுக் காகிதமும் வாங்கிக் கொடுத்தால், அந்த ஆசிரியர் தம் வகுப்புக்கு வேண்டிய கதைகளைத் தாமே தெரிந்தெடுத்துக்கொள்வார்.