'தோளில் சுமக்கிறார்' என்று எழுதுவதற்கு முன்

சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகம். கதை சொதப்பல், நாயகன் மட்டும் பிரமாதம். இந்த வகைப் படத்துக்கு விமர்சனம் எழுதுவதுதான் சுலபம் என்று புதிதாக எழுத வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் ஆரம்பத்தில் எழுதித் தள்ளிய அதே வரிகள் ஒரு எழுத்துகூட மாறாமல் திரும்ப வருவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முடிவைப் போட்டு உடைக்காதே, கதைச் சுருக்கத்தாலேயே பக்கத்தை நிரப்பாதே என்றெல்லாம் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். உதாரணத்துக்கு 2010இல் ஜான் ஃபேவ்ரோ இயக்கிய அயர்ன் மேன் 2.

'படத்தைத் தனி ஆளாகத் தோளில் சுமக்கிறார்'

இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. எழுத ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பி இந்தப் படத்தைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தான். திரைக்கதையைத் திட்டி நாலு பத்தி, கடைசியில் நாயகன் டோனி ஸ்டார்க்காக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியருக்கு இந்த ஒரே ஒரு வரி. எந்தக் காட்சியில் சுமக்கிறார் என்று கேட்டேன். "எல்லாக் காட்சியிலும்தான் அண்ணா, எல்லாரும் இப்படித்தானே எழுதுறாங்க?" என்றான். பிரச்சினையே அதுதான். டவுனியின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த நடிகரின் பெயரைப் போட்டாலும் அந்த வரி அப்படியே பொருந்தும் என்றால், நாம் யாரையும் பாராட்டவில்லை.

சரி, எப்படி எழுதலாம்? அயர்ன் மேன் கவசத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்க செனட் விசாரிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். செனட்டர் "மிஸ்டர் ஸ்டார்க்" என்று கூப்பிடுகிறார். டோனி பின்னால் உட்கார்ந்திருக்கும் தன் நெருங்கிய உதவியாளர் பெப்பர் பக்கம் திரும்பியிருக்கிறான். கூப்பிட்டது மனைவியோ என்பது போல "சொல்லு கண்ணு" என்கிற தோரணையில் பதில் வருகிறது. இது வெறும் திமிர்தான், முதல் பாகத்திலேயே பார்த்தது. ஆனால் மொனாகோ கார் பந்தயத்தில் வில்லன் தாக்கிய பிறகு விமானத்தில் வரும் ஆம்லெட் காட்சியைப் பாருங்கள். அவன் உயிரைக் காக்க நெஞ்சில் பொருத்தியிருக்கும் கருவியின் பல்லேடியம் என்ற உலோகம் ரத்தத்தில் விஷமாக ஏறிக்கொண்டிருக்கிறது, சாகப்போகிறோம் என்று அவனுக்குத் தெரியும், பெப்பரிடம் சொல்ல வேண்டும். தானே சமைத்த, பார்க்கவே சகிக்காத ஆம்லெட் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறான். எதை மறைக்கிறாய் என்று அவள் நேராகவே கேட்கும்போது அவன் முகம் உண்மையைச் சொல்ல வந்து நின்றுவிடுகிறது, வாய் மட்டும் வீட்டுக்குப் போக வேண்டாம், பிறந்தநாள் விருந்தை ரத்து செய்துவிடலாம், வெனிஸ் போகலாம் என்று பேசிக்கொண்டே போகிறது. செனட்டில் எதிராளியை மட்டம் தட்டிய அதே வேகப் பேச்சு இங்கே ஒளிந்துகொள்ளும் இடமாக மாறியிருக்கிறது. இதில் வசனம் எழுதியவரின் பங்கு எவ்வளவு, அந்த ஒரு கண நிறுத்தத்தில் நடிகரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

அதைவிட முக்கியம், அவரால் எங்கே சுமக்க முடியவில்லை என்பது. இவ்வளவு கனமாகக் கட்டிய மரண பயத்தை, அப்பா விட்டுப்போன பழைய கண்காட்சியின் மாதிரி வடிவத்திலிருந்து பல்லேடியத்துக்குப் பதிலாக ஒரு புதுத் தனிமத்தைக் கண்டுபிடிக்க வைத்துத் திரைக்கதை கைகழுவிவிடுகிறது. எந்த நடிகர் வந்தாலும் அதற்கு முட்டுக்கொடுக்க முடியாது. கடைசிச் சண்டையில் பெரும்பாலும் முகமூடி மூடியிருக்கிறது, டவுனிக்கு அங்கே வேலையே இல்லை, படம் தொய்வதும் அங்கேதான். இதைக் கவனிக்காமல் 'தோளில் சுமந்தார்' என்று எழுதினால் பாராட்டும் பொய், குறையும் அரைகுறை.

துணை நடிகர்களை மறப்பது

'தனி ஆளாக' என்றால் சாம் ராக்வெல் எங்கே போனார்? டோனியாக ஆசைப்பட்டு ஆக முடியாத போட்டி ஆயுத வியாபாரி ஜஸ்டின் ஹாமரை அவர் செய்திருக்கும் விதம் அலாதி. ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கடைசியில் ஒரு குட்டி ஏவுகணைக்கு அவர் கொடுக்கும் பில்டப்பும், கிளைமாக்ஸில் அது வில்லன் மேல் பட்டுப் புஸ்ஸென்று கீழே விழுவதும் படத்தின் சிறந்த நகைச்சுவை. டவுனியின் ஜொலிப்பில் பாதி, பக்கத்தில் இப்படி ஒரு போலி நிற்பதால் தெரிவது.

வசூலை இழுப்பது

உலகம் முழுக்க 60 கோடி டாலரைத் தாண்டியது. அதனால் ஆம்லெட் காட்சி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நடிகரின் சொந்த வாழ்க்கையைத் திணிப்பது

பிறந்தநாள் விருந்தில் கவசத்தோடு குடித்துவிட்டுத் தள்ளாடும் காட்சி வந்தவுடன், டவுனியின் பழைய போதைப் பழக்கத்தை எடுத்து, 'தன்னையே நடித்திருக்கிறார்' என்று எழுதுவது. டோனியின் குடிப்பழக்கத்தை வைத்துக் காமிக்ஸில் 1979இலேயே தொடர்கதை வந்துவிட்டது. ஒரு நடிகர் உழைத்துச் செய்ததை அவருடைய கடந்த காலம் தானாகச் செய்துவிட்டது என்று சொல்வது பாராட்டாகாது. சொல்லப்போனால் அந்தக் காட்சி அவருக்கே கைகொடுக்கவில்லை. சோகமாகத் தொடங்கி, நண்பன் ரோடியும் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு வந்ததும் வீட்டை உடைக்கும் கூத்தாகிவிடுகிறது.

முதல் பாகத்தோடு ஒப்பிட்டே முடிப்பது

ஒரு பத்தி போதும்.

பின்னால் நடந்ததை வைத்து எழுதுவது

2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் டோனியின் கதை எப்படி முடிந்தது என்று தெரிந்தவர்கள் இந்தப் படத்தின் ஒவ்வொரு பார்வையிலும் முன்கூட்டிய துயரத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். 2010இல் அந்த முடிவு யார் கையிலும் இல்லை. உளவு அமைப்பின் தலைவர் நிக் ஃபியூரி வந்து அடுத்த படங்களுக்கு விளம்பரம் செய்துவிட்டுப் போகும் காட்சிகள் அன்றைக்கு இழுவையாகத்தான் இருந்தன, இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் இழுவைதான்.