சேரும் முன் பிரிவுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள்

பொறியியல் சேர்க்கை நேரத்தில் என்னிடம் வரும் பெற்றோர் பலர் கேட்பது: "காலேஜுக்கு நாக் ஏ கிரேடு இருக்கே சார், போதாதா?" போதாது. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் அமைப்பான நாக் பார்ப்பது கல்லூரியை மொத்தமாக. உங்கள் பிள்ளை சேரப்போவது ஒரு பிரிவில்.

முதலில், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏஐசிடிஇ தரும் ஒப்புதல் நீட்டிப்புக் கடிதத்தைக் கேளுங்கள். அது இந்தக் கல்வியாண்டுக்கானதா என்று பாருங்கள். அப்புறம் அதிலுள்ள அட்டவணையில் விரல் வைத்துத் தேடுங்கள்: பிரிவின் பெயர், அதற்கு அனுமதித்த இடங்கள். விளம்பரத்தில் இருக்கும் பெயர் அங்கே இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள். எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி.

அடுத்தது என்பிஏ, அதாவது தேசிய அங்கீகார வாரியம் தரும் தர அங்கீகாரம். இது பிரிவுவாரியாகத்தான் கிடைக்கும். மெக்கானிக்கலுக்கு இருப்பதால் சிவிலுக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். புதிய பிரிவுக்கு என்பிஏ இல்லையென்றால் அதைக் குறையாக எடுக்க வேண்டாம். குறைந்தது இரண்டு பேட்ச் படித்து வெளியேறிய பிறகே விண்ணப்பிக்க முடியும்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு கேள்வி: பிரிவுக்கு இருப்பது என்பிஏவின் டயர் 1 (தன்னாட்சிக் கல்லூரிகள், பல்கலைக்கழகத் துறைகளுக்கான வகை) அங்கீகாரமா? உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் படிப்பு அங்கீகாரத்தை மற்றொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் நிரந்தர உறுப்பினரானது. அந்தப் பலன் டயர் 1 பிரிவுகளுக்கு மட்டுமே.

கடைசியாக, பட்டம் தரும் பல்கலைக்கழகம், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யுஜிசியே வெளியிடுகிறது.