அப்பாவின் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட்

அப்பாவின் கணினி 2012இல் அசெம்பிள் செய்து வாங்கியது. இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திர எழுத்தராக இருந்தவர்; எழுதிய பத்திரங்களின் வரைவுகள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். இந்தப் பெட்டியில் இரண்டும் கிடையாது.

"தூக்கிப் போட்டுடலாமா அம்மாடி?" என்று கேட்டார். வேண்டாம்ப்பா என்றேன். கீபோர்டும் மானிட்டரும் நன்றாக இருக்கின்றன, பெட்டியிலும் கோளாறு இல்லை. மாற்ற வேண்டியது இயங்குதளத்தை மட்டும்தான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். 64 பிட் செயலியும் 2 ஜிபி ரேமும் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் சிரமமே இல்லை. மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

முதல் வேலை பிரதி எடுப்பது. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். சில வருடங்களுக்கு முன் இதே கணினியை ஒரு கடையில் ஃபார்மட் செய்யக் கொடுத்தோம். "டி டிரைவைத் தொட மாட்டோம்" என்றார்கள். திரும்பி வந்தபோது டி டிரைவே இல்லை. தம்பி கல்யாணப் படங்கள் அதோடு போய்விட்டன. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, அதை என் லேப்டாப்பில் செருகி, ஃபோல்டருக்கு ஐந்தாறு கோப்பாகத் திறந்து பார்த்தேன். காப்பி ஆகிவிட்டது என்று திரை சொன்னால் போதாது, கோப்பு திறக்க வேண்டும்.

அப்படித் திறந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பத்திரங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலைந்து கிடந்தன. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இல்லாத பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழாகத் தெரியாது. ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். முக்கியமான வரைவுகளை விண்டோஸ் இருக்கும்போதே பிடிஎஃப் ஆகவும் சேமித்து வையுங்கள், ஏனென்றால் மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸில் திறக்கும்போது சில நேரம் பக்க அமைப்பு நகர்ந்துவிடுகிறது.

அடுத்து பென்டிரைவ். மின்ட் முழுவதும் ஒரே கோப்பாக வரும், அதுதான் ஐஎஸ்ஓ. அது ஏறக்குறைய 3 ஜிபி, 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள், இறக்கியதும் கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்க அங்கே தந்திருக்கும் ஷா 256 எண்ணோடு ஒப்பிடுங்கள். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்தையே உடைத்து, விஷமம் கலந்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். எண்ணை ஒப்பிட ஐந்து நிமிடம் ஆகும், செய்துவிடுங்கள். பிறகு ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருளைக் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள்.

விண்டோஸைக் கடைசியாக அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும். இல்லாவிட்டால் பழைய டிஸ்க்கை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

சரி, பெட்டியைத் திறக்கலாம். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷால் தூசியைத் தட்டினேன். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி செருகினேன். போர்டில் ஒரு பட்டன் செல் இருக்கும், சிஆர் 2032. பழைய கணினிகளில் அது தீர்ந்து போயிருக்கும். எங்கள் பெட்டியில் தேதி 2012 என்று காட்டியது. தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் திறக்காது, அப்டேட்டும் தகராறு செய்யும். வாட்ச் கடையிலேயே அந்த செல் கிடைக்கிறது. மாற்றிவிட்டு, கணினி ஆன் ஆகும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள்.

முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி ஒன்றை, 256 ஜிபியில், வாங்கிப் போடுங்கள். வேகத்தில் வரும் மாற்றம் பெரும்பாலும் அதனால்தான். அதோடு ஒரு நிம்மதியும் உண்டு: பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்எஸ்டியில் மட்டும் இன்ஸ்டால் செய்யலாம். கை தவறினாலும் அப்பாவின் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

பென்டிரைவைச் செருகி ஆன் செய்ததும் எஃப் 12ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். சில போர்டுகளில் எஃப் 11, எஃப் 8 அல்லது எஸ்கேப். பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தால் மின்ட் நேராக ஓடத் தொடங்கும், இன்னும் எதுவும் இன்ஸ்டால் ஆகியிருக்காது. ஒலி வருகிறதா, இணையம் கிடைக்கிறதா என்று இங்கேயே பாருங்கள். வைஃபை வராவிட்டால் மொபைலைக் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், உடனே இணையம் வந்துவிடும்.

எல்லாம் சரி என்றால் டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானைத் திறங்கள். வீடியோவும் பாட்டும் ஓடுவதற்கான மல்டிமீடியா கோடெக் கட்டத்தில் டிக் போடுங்கள். டிஸ்க்கை முழுதாக அழிக்கவா என்று கேட்கும். எஸ்எஸ்டி மட்டும் இணைந்திருந்தால் தைரியமாகச் சரி சொல்லலாம். ஒரே டிஸ்க்தான் என்றால் பிரதி பத்திரமாக இருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நேரத்துக்குக் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல்லை அப்பா தன் டைரியில் எழுதிக்கொண்டார். எங்களுக்கு இருபது நிமிடத்தில் முடிந்தது.

அப்புறம் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளை மாட்டினேன். கோப்புகள் எல்லாம் அப்படியே தெரிந்தன. எழுத்துருக்களுக்கு, ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் எச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்கள் தெரியும். .லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஃபான்ட்ஸ். இல்லையென்றால் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அந்தப் பெயரில் ஒன்று உருவாக்கிப் பழைய எழுத்துருக்களை அதில் போடுங்கள். எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பிரிண்டர் என்றால் எச்பிலிப் என்ற எச்பி பிரிண்டர் மென்பொருளோடு அதன் பிளகின் என்ற துணைக் கோப்பையும் இறக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு மென்பொருள்களையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி இன்ஸ்டால் செய்து, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். தமிழ்99 விசைப்பலகை அமைப்பு இருக்கிறது. எங்களுக்குச் சந்தோஷம் தந்தது அதன் பக்கத்தில் இருந்த டைப்ரைட்டர் என்ற வரி. அப்பா தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர், அவர் விரல்களுக்குப் பழகிய அதே விசைகள். ஒரு கிரயப் பத்திரத்தின் முதல் வரியை விசைப்பலகையைப் பார்க்காமலே அடித்து முடித்துவிட்டு, "பிரிண்ட் எடுத்துப் பாரேன்" என்றார்.