பெல்ட்டில் தொய்வு வேண்டாம்

பலமாக மோதிய வண்டி பட்டறைக்கு வந்தால், நான் முதலில் டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பார்ப்பேன். தோளுக்கு மேலே வளையத்தில் உரசிய இடம் மட்டும் உருகினாற்போல் பளபளவென்று இருக்கும். ஓர் ஆளின் வேகம் மொத்தத்தையும் பிடித்து நிறுத்திய தடம் அது. அந்தத் தடமே இல்லாத வண்டிகளும் வரும். கேட்டால், "போட்டிருந்தேனே" என்பார்கள்.

50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வண்டியின் முன்பகுதி அரை மீட்டருக்கு மேல் நசுங்கியபடி நிற்கிறது. பெல்ட் போட்டவர் வண்டியோடு சேர்ந்து அந்த தூரத்தில் நிற்கிறார். போடாதவரோ அதே வேகத்தில் போய் ஸ்டீயரிங்கில் மோதி, சில சென்டிமீட்டருக்குள் நிற்கிறார். தொய்வாகப் போட்டவர் நிலைமை இரண்டுக்கும் நடுவே.

அதனால், முதலில் சீட்டில் முதுகு ஒட்டும்படி உட்காருங்கள். தடித்த ஜாக்கெட் இருந்தால் கழற்றிவிடுங்கள். அதன் பஞ்சும் தொய்வுதான். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் கிடக்கக் கூடாது, கீழே இடுப்பெலும்பில் படிய வேண்டும். எலும்பு தாங்கும், குடல் தாங்காது. கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுக்குக் கீழேதான். தோள் மேல் போகும் பட்டை கழுத்தை உரசாமல் காறையெலும்பின் நடுவில் போக வேண்டும். அப்புறம், தோள் பக்கத்தை மேல்நோக்கி ஒருமுறை இழுத்துவிடுங்கள். மடியில் மிச்சமிருக்கும் தொய்வு போய்விடும். உறுத்துகிறதென்று பட்டையில் துணிக் கிளிப் மாட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் போடாமலே இருக்கலாம் என்று கோபத்தில் சொல்லியும் இருக்கிறேன். தப்புதான், போடுவதே மேல். கிளிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

பல வண்டிகளில் பெல்ட் சுருளும் ரீலுக்குள் ஒரு சின்ன வெடிமருந்துக் குப்பி இருக்கும். மோதிய கணமே அது வெடித்துப் பட்டையைச் சில சென்டிமீட்டர் உள்ளே இழுக்கும். பிறகு உடம்பின் பாரம் ஓர் அளவைத் தாண்டினால், ரீலின் நடுவிலுள்ள எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு பட்டையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், விலா எலும்பு நொறுங்காமலிருக்க. ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். பிழிந்த துணிபோல முறுகிக் கிடந்தது. இப்படி ஒருமுறை வேலை செய்த பெல்ட்டை மறுபடி நம்ப முடியாது, முழுதாக மாற்ற வேண்டும்.

ஏர்பேக் இதற்குத் துணை, மாற்று அல்ல. கண்ணிமைப்பதற்குள் விரிந்துவிடும்; அந்த வேகமே ஆபத்து. மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். டேஷ்போர்டில் கால் நீட்ட வேண்டாம். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில், பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைக்கவே கூடாது.

ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வரட்டும். பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். இல்லையென்றால் முன்னால் இருப்பவர் முதுகில்தான் வந்து மோதுவார்.

மாதம் ஒருமுறை, வண்டி நிற்கும்போது பட்டையை வெடுக்கென்று இழுங்கள்: பூட்டிக்கொள்ள வேண்டும். மெதுவாக இழுத்தால் வர வேண்டும். விட்டால் தானாக முழுதும் சுருள வேண்டும். பாதியில் நின்றால் முதலில் பட்டையைத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அழுக்குதான். ஓரம் பிய்ந்திருந்தால் தையல் போடக் கொண்டுவராதீர்கள், நான் போட்டுத் தர மாட்டேன்.